அமாவாசைப் பாட்டு

இன்று அமாவாசை, நெசவுக்கு விடுமுறை; தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. ஒரே ஜெர்மன் பாட்டு, இரண்டு இசைத்தட்டுகள், இரண்டு பாடகிகள். திரும்பத் திரும்ப வரும் கடைசிச் சொல்லை எந்தப் பாடகி அதிக நேரம் கரையவிடுகிறாள் என்பதுதான் நண்பர்கள் கைலாசத்துக்கும் தணிகாசலத்துக்கும் வழக்கு. போன மாதம் வேலை நாளில் போட்டபோது ஒன்றும் கேட்கவில்லை என்று கைலாசம் தறிச் சத்தத்தைத் திட்டினார். அவருடைய தட்டு முடிந்து, இப்போது தணிகாசலத்தின் தட்டு சுழல்கிறது. வயலின்கள் தணிகின்றன. கைலாசம் கண்களை மூடிக் காதை ஒலிபெருக்கியின் பக்கம் சாய்க்கிறார். அவர் மனைவி தையல்நாயகி காப்பி டம்ளரைக் கீழே வைக்காமல் கணவரின் முகத்தையே பார்க்கிறாள். பாடகி அந்தச் சொல்லை மீண்டும் எடுக்கிறாள், முன்னிலும் மெல்ல. கைலாசம் கண் திறந்து சிரிக்கிறார். "உன் ஆளு சட்டுனு நிறுத்திடுச்சிபா. தோத்துட்ட, தணிகா." தட்டில் பாடகி இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள். தணிகாசலம் தையல்நாயகியைப் பார்க்கிறார். அவள் டம்ளரை இறுகப் பிடிக்கிறாள். "இன்னாபா, ரெண்டு பேரும் மூஞ்ச மூஞ்ச பாத்துக்கினு இருக்கீங்க? பாட்டு முடிஞ்சிடுச்சி இல்ல?"