பத்து தடவை திறந்து பார்த்தேன்

“ஃப்ரீசர் ஃபேனை மாத்திட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு உங்க மெக்கானிக். அது சுத்தவே இல்ல. நானே பத்து தடவை திறந்து பாத்தேன்” என்றேன்.

நரைத்த மீசையுடன் வந்திருந்த புது மெக்கானிக், “ஐஸ் உறையுதுங்களா?” என்று கேட்டார்.

“உறையுது. ஆனா எப்பத் திறந்தாலும் ஃபேன் நிக்குதே.”

அவர் ஃப்ரீசரைத் திறந்து, கதவோரத்தில் இருந்த சின்ன சுவிட்சை விரலால் அழுத்தினார். உள்ளே தடுப்புக்குப் பின்னால் ஃபேன் விர்ரென்று சுற்றியது. விரலை எடுத்தார். நின்றுவிட்டது.

“கதவைத் திறந்தா நின்னுடும் சார். மூடினா ஓடும்.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. அன்று அந்த ஆளும் ஏதோ சொல்லத்தான் வந்தார். வாயைத் திறக்க விடாமல் திருடன் என்று திட்டி, கடைக்கு ஃபோன் போட்டு, வேலையை விட்டே தூக்க வைத்தவன் நான்.

“தப்பு என்னோடதுங்க. முதலாளிகிட்ட நானே பேசறேன். அவரைத் திரும்ப எடுத்துக்கச் சொல்றேன்.”

அவர் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தார்.

“முதலாளி நான்தாங்க. ‘ஒரு நிமிஷம் கேளுங்கப்பா’ன்னான். கேக்கல. இனிமே வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு துரத்திட்டேன்.”

“உங்க மகனா?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீங்களாவது வெளியாளு.”