அறுவடைப் பட்டை

மண்டபத்துக் கடலில் மிதக்கும் கூண்டுகளில் வளர்ந்த கொடுவா மீன் ஒவ்வொன்றின் துடுப்பிலும் ஒரு சென்சார் மாட்டியிருந்தார்கள். மீன்கள் படும் வேதனை, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தாவின் மணிக்கட்டுப் பட்டையில் துடிப்பாக வந்து சேரும். மீனுக்கு மூச்சு முட்டினால் அவள் கை குறுகுறுக்கும். உடனே காற்றுக் குழாயைத் திறந்துவிடுவாள்.

அறுவடையின்போது பட்டை கட்டியவர் நிறுத்தச் சொன்னால் வேலை நின்றாக வேண்டும் என்பது சட்டம். அதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்று ஐஸ் குறைவாக வந்திருந்தது. ஐஸ் நீர்த் தொட்டியில் போட்டதும் மயங்க வேண்டிய மீன்கள் மயங்காமல் துள்ளின. ஜெசிந்தாவுக்குத் தோள்வரை விறைத்துப்போயிற்று.

“நிறுத்துங்க!” என்று கத்தினாள்.

மேற்பார்வையாளர் சவரிராயன் படகிலிருந்து தாவி வந்தார். “லாரி கிளம்பப் போகுதும்மா. எப்படியும் சாகப்போற மீனுதானே?”

ஜெசிந்தா அவர் கையைப் பிடித்தாள். பட்டையைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டாள்.

ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே கூண்டோரப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் தோள்வரை விறைத்தது.

“மீனைத் திரும்பக் கூண்டுலயே விடுங்கடா,” என்று ஆட்களிடம் சொன்னார். “ஐஸ் வரட்டும்.”

லாரி போய்விட்டது. ஐஸ் வந்து சேர மாலையாயிற்று. இம்முறை மீன்கள் துள்ளாமல் அடங்கின.

“கழட்டிரட்டுமாண்ணே?” என்று ஜெசிந்தா கை நீட்டினாள்.

சவரிராயன் மறு கையால் பட்டையைப் பொத்திக்கொண்டார்.

“ஒரு மீன் இன்னும் துடிக்குதும்மா,” என்றார். “அது அடங்கட்டும்.”