வாட்டம்

ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டின் சுவரடியில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. போன மழையில் அங்கே ஈரம் ஏறிப் பெயின்ட் உப்பி உதிர்ந்திருக்கிறது. வாசக்கால் ஓரமாகக் கரையான் போட்ட மண்கோடு. சுவரை ஒட்டி நின்ற செம்பருத்தியை நேற்றுதான் வேரோடு பெயர்த்து மதிலோரம் நட்டார்கள். வீட்டுக்காரி ஹில்டா அதன் இலைகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுவரருகே குந்தியிருக்கும் கொத்தனார் ஜெயவேலு, கெட்டித்த செம்மண்ணின் மேல் மட்டப்பலகையை ஓட்டிவிட்டு ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "இப்ப வாட்டம் நல்லாத் தெரியுது மேடம்." ஹில்டாவின் முகம் சுண்டிப்போகிறது. "ரெண்டு வேளையும் தண்ணி விட்டேனே அண்ணா, பிழைக்காதா?" ஜெயவேலு முதலில் விழிக்கிறார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கிறார். "செடிக்கு இன்னா, ஜோராத்தான் கீது. நான் மண்ணைச் சொன்னேன். வெளிப்பக்கமா சரிச்சு வாட்டம் குடுத்துகீறேன், தண்ணி இனிமே செவுத்தாண்ட நிக்காது. ஊத்திப் பாருங்க." அவள் வாளியைச் சுவரடியிலேயே கவிழ்க்கிறாள். தண்ணீர் நுரைத்து, ஒரு காய்ந்த வேப்பிலையைத் தூக்கிக்கொண்டு, சுவரை விட்டு விலகிச் சரிவில் மினுங்கியபடி இறங்குகிறது. ஹில்டா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் கூடவே நடக்கிறாள். அது நேராகப் போய்ச் செம்பருத்தியின் பாத்தியில் விழுகிறது. "என்னங்க, வாட்டம் சூப்பரா இருக்கு, வந்து பாருங்க," என்று உள்ளே குரல் கொடுக்கிறாள். ஒரு கன்னத்தில் சவர நுரையோடு அவள் கணவர் எலியேசர் பதறி ஓடிவருகிறார். "போச்சா? செடியைப் பிடுங்க வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்ல?" ஹில்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வாளியைத் தூக்குகிறாள்.