வெண்மதி பேரில் ஓடியது

"மேடம், இங்க வந்து பாருங்க. ஆபீஸ் சர்வர்ல வெண்மதி சொந்த வேலை பாக்குறாங்க!"

செம்பியன் போட்ட சத்தத்தில் முதுநகர் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

மீனவர்களின் போனுக்குத் தினமும் காலையில் அலை உயரத்தை அனுப்பும் சின்ன அலுவலகம் அது. அதற்கான புரோகிராமை எழுதியவன் செம்பியன். சாயங்காலம் தன் லேப்டாப்பிலிருந்து சர்வரில் அதை ஓட விட்டு, லேப்டாப்பை மூடிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸைப் பிடிப்பான். அது விடிய விடியக் கணக்குப் போட்டு, காலையில் தானே மெசேஜும் அனுப்பிவிடும். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

இன்று காலை வந்ததும் சர்வர் ஏன் இப்படி இழுக்கிறது என்று பார்த்தால், வெண்மதி பேரில் ஏதோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"தினமும் சாயங்காலம் எல்லாரும் கிளம்புனப்புறம் இவங்க மட்டும் உக்காந்திருக்காங்களே, ஏன்னு இப்பத்தான் புரியுது!"

"சார், அது வந்து..." வெண்மதி எழுந்தாள்.

"பேசாதீங்க. வெளியாளுக்கு வேலை செய்யவா இந்த சர்வர்?" சொல்லிக்கொண்டே அதை நிறுத்தினான்.

"ஐயோ, நிறுத்திட்டீங்களா?"

"பின்ன, ஆரத்தி எடுப்பாங்களா?"

அதற்குள் போன் அடித்தது. மேலாளர் மங்கலம் மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"தேவசகாயம் பேசறேன். இன்னைக்கு மெசேஜ் வரலியே. போட்டை எறக்கலாமா, வேணாமா?"

வெண்மதிதான் ஓடிவந்து பதில் சொன்னாள். "எறக்காதீங்கண்ணே. கணக்கு பாதியில நின்னுபோச்சு."

"இன்னைக்குப் பொழப்பு போச்சா? சரிம்மா, உசுரு முக்கியம்."

மங்கலம் திரையை உற்றுப் பார்த்தார். "செம்பியன், நீ நிறுத்துனது உன் புரோகிராமையேதானே?"

அதுவரை ஆளின் பேரை மட்டும் பார்த்தவன், அப்போதுதான் புரோகிராமின் பேரைப் பார்த்தான். அவன் வைத்த பேர்.

"இது... உங்க பேர்ல எப்படி?"

வெண்மதி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்க லேப்டாப்பை மூடுனதும் தொடர்பு அறுந்துடுது சார். உடனே அதுலேர்ந்து கிளம்புன புரோகிராமுக்கெல்லாம் 'நிறுத்து'ன்னு சிக்னல் போயிடும். தாய் போனா பிள்ளையும் நின்னுடும். தினமும் உங்களுது நின்னுதான் போச்சு. அந்த சிக்னலை அது கண்டுக்காத மாதிரி பண்ணி, நான் என் பேர்ல மறுபடி ஓடவிட்டுட்டுப் போவேன்."

அத்தனை நாள் பெருமையும் எங்கே போனதென்று தெரியவில்லை. செம்பியனால் நிமிர முடியவில்லை.

"மொத நாளே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?" குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அவனுக்கு மட்டும் கேட்கும்படி வெண்மதி சொன்னாள்.

"நாலு பேர் எதிர்ல சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல சார். தனியாச் சொல்லத்தான் நேரம் பாத்துக்கிட்டிருந்தேன்."