வளைவில் நிற்காத ஜீப்

"வேற எந்த ஜீப்பா இருந்தாலும் சரி பாஸ். அந்த ஆளோடது மட்டும் வேணாம்."

ஜீவராஜ் இதோடு மூன்றாம் முறை சொல்கிறான். மெக்கானிக் அழகன் பாஸ் பீடியைப் பற்றவைத்தார்.

காலையிலிருந்து இரண்டு ஜீப் பார்த்தாயிற்று. ஹட்டனில் பார்த்தது பளபளவென்று இருந்தது. பாஸ் கீழே படுத்து, சேஸியில் ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்து குத்தினார். அத்தனையும் துரு, உள்ளே போய்விட்டது. கொத்மலைப் பக்கம் பார்த்ததற்கு எஞ்சின் நல்லது. பதிவுப் புக்குதான் வேறு யாரோ பேரில். அந்த யாரோ செத்து நாலு வருஷம்.

மிச்சமிருப்பது ஒன்றுதான். நோர்வூட் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மயில்வாகனத்தின் பழைய ஜீப்.

கையில் பதினேழு லட்சம். ஓட்டிப் பிழைத்த ஆட்டோவை விற்றதும், பெண்டாட்டி லோஜினியின் நகையை அடகு வைத்ததும் சேர்த்து அவ்வளவுதான். லோஜினிக்கு எட்டாம் மாசம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி வந்தால் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கீழே தார் ரோட்டுக்கு இரண்டு மைல். மழை பெய்தால் சேறு. ஆட்டோ ஏறாது. இத்தனை வருஷமும் ஆட்டோவைக் கீழே நிறுத்திவிட்டு நடந்துதான் வீட்டுக்குப் போனான்.

வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் வீட்டிலிருந்தோ என்று எடுத்துப் பார்த்தான்.

"அந்த ஆளு மேல அப்பிடி என்ன கோவம்?"

பன்னிரண்டு வருஷத்துக் கோபம். அம்மாவுக்கு நெஞ்சுவலி. கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, மழையில் நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். பாதி வழியில், கொண்டை ஊசி வளைவில், இதே ஜீப் தோட்டத்துக் கடைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு மேலே வந்தது. கையைக் காட்டினார்கள். கத்தினார்கள். நிற்கவில்லை. அதே வேகத்தில் ஏறிப் போய்விட்டது. அம்மா ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்தாள்.

சாவுக்கு வந்த மயில்வாகனத்தை வாய் திறக்க விடாமல் விரட்டியவன் ஜீவராஜ். அதற்குப் பிறகு அந்தக் கடையில் ஒரு நெருப்புப்பெட்டிகூட வாங்கியதில்லை.

பாஸ் எல்லாவற்றையும் கேட்டார். பீடியைத் தரையில் தேய்த்தார்.

"ஒனக்கு ஜீப்பு வேணுமா, ரோசம் வேணுமா? ரெண்டுக்கும் காசு பத்தாது."

போனார்கள்.

பாஸ் தட்டினார், முகர்ந்தார், கீழே படுத்தார். குத்தியும் பார்த்தார். எழுந்தபோது, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத எரிச்சல் முகத்தில். ஜீவராஜ் பின்பக்கம் ஏறி, படுத்துக் காலை நீட்டிப் பார்த்தான். ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். அம்மாவும் படுத்திருக்கலாம்.

மயில்வாகனம் ஊரெல்லாம் இருபது லட்சம் சொல்லி வைத்திருந்தவர். இவனைப் பார்த்ததும் பதினேழு போதும் என்றுவிட்டார். இவனுக்கு அது இன்னும் எரிந்தது. பாவத்தைக் கழிக்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னார். "அந்த வளைவில மட்டும் நிப்பாட்டிறாதீங்க தம்பி."

வாய் சும்மா இருக்கவில்லை. "நிப்பாட்டுறது ஒங்களுக்குப் பழக்கமில்லாத சோலியாச்சே மொதலாளி."

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நான் நிப்பாட்டினேன் தம்பி."

பச்சைப் பொய். அன்றைக்கு ஜீப்பின் பின்பக்கச் சிவப்பு விளக்கு மூடுபனியில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றவனிடமே சொல்கிறார். ஜீவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினான்.

பாஸை பஸ் ஏற்றிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நாலு சக்கரமும் இழுக்கிற போர்வீலைப் போட்டான். வளைவு வந்ததும் பின்சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் இழுத்தன. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். இங்கே நிறுத்தினால் மறுபடி ஏறாது. பின்னாலேயே வழுக்கிப் பள்ளத்தில்தான் கிடக்கும்.

அப்போது பார்த்து எதிரே பிரேமினி இறங்கி வந்தாள். லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி. துணியில் சுற்றிய பிள்ளை தோளில். கையைக் காட்டினாள்.

"ஜீவாண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது."

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. தலையை வெளியே நீட்டி, மேலே நிறுத்துகிறேன் என்று கத்தினான். அந்த எஞ்சின் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்? கண்ணாடியில் அவள் வாய் அசைவது தெரிந்தது. வாழ்த்தியிருக்க மாட்டாள்.

சமதரையான இடம் மேலே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம்தான். அங்கே போய்த்தான் நிறுத்த முடிந்தது. திருப்பவும் முடிந்தது. மெல்ல இறக்கிக்கொண்டு வந்து, வளைவுக்கு மேலே கல் பாவிய இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டு ஓடினான்.

வளைவில் யாரும் இல்லை.

கீழே தேயிலைக்குள்ளிருந்து பிரேமினியின் குரல் வந்தது. "ஜீப்பு வந்ததும் கண்ணு அவிஞ்சு போச்சு. இவன் அம்மாவுக்கு வந்ததையே மறந்துட்டான்."

குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டாள். ஜீப் திரும்பி வருமென்று அவள் என்னத்தைக் கண்டாள்? சற்று நேரத்தில் தார் ரோட்டில் ஒரு ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

"நான் நிப்பாட்டினேன் தம்பி" என்றது இப்போதுதான் காதில் விழ, ஜீவராஜ் மழையில் அப்படியே நின்றான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வளைவில், "இவனெல்லாம் மனுஷனா, வாங்க போவோம்" என்று அம்மாவின் கம்பளியைக் குறுக்குப் பாதையில் இறக்கச் சொன்னவனே அவன்தான்.