ஒரு கைக் கத்தி

"இந்தக் கத்தியை மாத்திக் கொடுங்க சார்."

பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு நின்றாள் அவள். எதை வாய் தவறிக்கூடக் கேட்கக் கூடாது என்று அம்மா வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினாளோ, அதைத்தான் முதலில் கேட்டாள்.

"அப்பா ரிட்டையர் ஆனப்போ முதலாளி ஆசையா கொடுத்த பொருள்டி. அதைப் போய்க் குறை சொல்லிடாதே. அவரே கூப்பிட்டு வேலை தர்றாரு. 'சரிங்க சார்'னு மட்டும் சொல்லிட்டு வந்துடு."

முதலாளி சிரித்தார். "உட்காரும்மா முதல்ல. வேலையைப் பத்திப் பேசலாம்னு கூப்பிட்டா, கத்தியைத் தூக்கிட்டு வந்து நிக்கிறே!"

அவள் உட்காரவில்லை.

சின்ன வேலை இல்லை. தொழிற்சாலையில் தொழிலாளர் நல அதிகாரி. அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கி என்ன, ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. இந்த நாற்காலி கிடைத்துவிட்டால், அப்பா இந்த வயதில் இன்னொரு வேலை தேடி அலைய வேண்டியதில்லை.

"சரி, கத்தியில என்ன குறை?"

"அப்பாவால திறக்க முடியல."

"அவ்வளவுதானா? புதுசுல கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்."

இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் விரிப்பு வந்தது. குட்டிக் குட்டி ஸ்குரூ டிரைவர்கள் வந்தன. மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டார். கோப்புகளை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, மடக்குக் கத்தியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்தார்.

"கடையில வாங்கி அப்படியே நீட்டின கத்தி இல்லம்மா இது. உள்ளதுலயே உசத்தியானதா வாங்கி, நானே உட்கார்ந்து ஒவ்வொண்ணா மாத்தினேன். கறுப்புக் கைப்பிடியைக் கழட்டிட்டு டைட்டானியம் போட்டேன். ஸ்குரூ, கிளிப், எல்லாம் புதுசு. பிளேடைத் தள்ளித் திறக்கிற இந்தக் குமிழைப் பாரு, வெண்கலம்! ரெண்டு பக்கமும் இருந்துச்சு. இடது கைக்கானதை எடுத்துட்டேன். உங்க அப்பாவுக்கு வலது கைப் பழக்கம்தானே, அது எதுக்கு வீணா துருத்திக்கிட்டு?"

அவள் அந்தக் குமிழையே பார்த்தாள்.

"நம்ம ஊமை, அதான் உங்க அப்பா, எப்படி இருக்காரு? கோவிச்சுக்காதே, இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். இத்தனை வருஷத்துல இது வேணும், அது வேணும்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல மனுஷன்."

"அதான் நான் கேட்க வந்திருக்கேன்."

"அப்பாவுக்கும் சேர்த்து நீ பேசறே!" என்று சிரித்தபடியே ஸ்குரூவைத் தளர்த்தினார்.

"போன வாரம் பக்கத்து வீட்டுக்காரங்க கத்தியைத் திறந்து காட்டச் சொன்னாங்க சார். ரெண்டு கையாலயும் திறக்கப் போய் உள்ளங்கையைக் கிழிச்சுக்கிட்டாரு."

"ரெண்டு கையாலயா!" முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஒரு கையால திறக்கிறதுக்குன்னே செஞ்ச கத்திம்மா! கட்டை விரலால லேசா ஒரு தள்ளு, அவ்வளவுதான். இதுகூடத் தெரியலியா அவருக்கு?"

உள்ளிருந்த பித்தளை வளையங்களை எடுத்துவிட்டுச் சின்னப் பேரிங்குகளை வைத்தார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். கை நடுங்காமல், மூச்சுப் பிடித்து, அவ்வளவு அக்கறையாக.

"என்கிட்ட இருக்கிற கத்தியில எதை வேணா என் கண்ணைக் கட்டிக் கையில கொடு. எந்தப் பாகம் இல்லைன்னு தொட்டுப் பார்த்தே சொல்லிடுவேன். இந்தா, இப்ப குழந்தைகூடத் திறக்கும்."

அவள் குமிழைத் தள்ளினாள். பிளேடு வெண்ணெயாய் வழுக்கித் திறந்தது. மடக்கித் திருப்பி வைத்தாள்.

"இது வேணாம் சார். பின்பக்கம் வால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குமே, சுட்டு விரலால தட்டினா திறக்கிற பிளேடு, அதைப் போட்டுக் கொடுங்க."

"அந்த அசிங்கத்தையா? அது வேற யாருக்காவது. பார்த்துப் பார்த்துச் சேர்த்த கத்தியை நானே கெடுக்கவா? கொஞ்சம் பழகச் சொல்லு, தானா வரும்."

"பழகினா வந்துடுமா சார்?"

"ஏன் வராது? கை நடுங்குதா அவருக்கு?"

"நடுங்கல."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஸ்குரூ டிரைவர்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பிரிவுபசார மேடையில அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினேனே, இரும்பு மாதிரி இருந்துச்சு. அந்தக் கை எப்படி நடுங்கும்? இங்க ஒவ்வொரு தொழிலாளியும் எனக்கு வீட்டு ஆளு மாதிரி. அவங்களை இனிமே நீதான் பார்த்துக்கணும். எப்ப சேர்றே?"

"சேரல சார்."

துடைத்த கை நின்றது. "என்னது?"

"நீங்க ஒண்ணு கேட்பீங்கன்னு பார்த்தேன். கேட்டிருந்தா சேர்ந்திருப்பேன். கத்தியும் இங்கயே இருக்கட்டும்."

"படிச்ச திமிரு! உங்க அப்பன் இப்படி ஒரு நாள் பேசியிருப்பானா?"

"பேசியிருக்கணும்."

கதவருகே சுவரில் பிரிவுபசார விழாப் படம் மாட்டியிருந்தது. அதில் முதலாளி, அவள் அப்பாவின் வலது கையைத் தன் இரு கைகளாலும் பற்றியபடி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அதன் முன் ஒரு கணம் நின்றாள்.

"கண்ணைக் கட்டிக்கிட்டே எது இல்லைன்னு சொல்லுவீங்களே சார். இதைக் கண்ணைத் திறந்து பாருங்க."

திரும்பிப் பார்க்காமல் அவள் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, பூதக்கண்ணாடியோடு எழுந்து வந்து அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார் முதலாளி. அவர் அத்தனை ஆசையாகப் பற்றியிருந்த கையில் நான்கு விரல்கள்தான் இருந்தன. கட்டை விரலை என்றைக்கோ அவருடைய பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டிருந்தது.