கவிழாத கயாக்

“டான்ஸே ஆடலாம், கவுறாதுன்னு சொல்லித்தானே வித்தீங்க தம்பி? எங்க வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போய் வாராவாரம் கவுந்து தண்ணி குடிச்சிட்டு வர்றாரு. கயாக் படகைத் திருப்பி எடுத்துக்கோங்க!”

விற்பனையாளனுக்கு மானம் போனது. “இருக்கிறதுலயே அகலமானது அதுதான்க்கா! எழுந்து நிப்பாரோ?”

“பொம்மை மாதிரி உக்காந்திருப்பாரு. திடீர்னு பின்பக்கம் திரும்புவாரு, தொபுக்கடீர்!”

“அப்படித் திரும்பினா எதுவும் கவுறும்க்கா. எதுக்குத் திரும்புறாரு?”

“கரையில நின்னு, ‘பாத்துங்க, கவுந்துடப் போகுது’ன்னு நான் கத்துவேன்ல? ‘சரிம்மா’ன்னு சொல்லத்தான்.”

விற்பனையாளன் பில் புத்தகத்தை எடுத்தான்.

“திருப்பி எடுத்துக்கறேன்க்கா. ரெண்டு பேர் உக்கார்ற கயாக் இருக்கு, அதை எடுத்துட்டுப் போங்க. முன்சீட்ல உக்காந்து எவ்வளவு வேணா கத்துங்க.”